தரகும் அமானிதமும்

சென்ற ரமலான் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, நம்மிடம் ஓதிச் சென்ற பழைய மாணவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். இப்போது ஒரு மொத்த வணிகக் கடையில் கணக்கெழுதுகிறார். இரு பிள்ளைகளுக்குத் தந்தை. ஸலாம் கூறி அமர்ந்தவர், சட்டைப் பையிலிருந்த கைப்பேசியை எடுத்து நம் முன்னே வைத்தார்.

"ஹஜ்ரத், பங்கு வாங்குவது கூடுமா, கூடாதா என்று கேட்க நான் வரவில்லை. அதைக் கேட்டுத் தெளிந்துவிட்டேன். மாதம் மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க முடிகிறது. எந்தத் தரகு நிறுவனத்தில் கணக்குத் திறப்பது என்பதுதான் என் கேள்வி. ஒருவர் தரகே இல்லை என்கிறார். ஒருவர் ஓர் ஆர்டருக்கு இருபது ரூபாய் என்கிறார். மற்றொருவர் நூற்றுக்கு அரை ரூபாய் கேட்கிறார், ஆனால் ஆலோசனையும் சொல்வாராம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார்.

நஹ்வும் ஃபிக்ஹும் கற்பித்தே காலங்கழித்த நம்மிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று நமக்குச் சிரிப்பு வந்தது. "இதற்கு உன் முதலாளியைக் கேள், தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். மறுநாள் காலைப் பாடம் வகாலத்தைப் பற்றியதாக அமைந்தது. ஒருவர் தம் காரியத்தை மற்றொருவரிடம் ஒப்படைப்பது, ஒப்புக்கொண்டவர் அதை எவ்வாறு நிறைவேற்ற வேண்டும், அவருக்குரிய கூலி யாது, அவர் எதற்குப் பொறுப்பாளர், எதற்குப் பொறுப்பாளர் அல்லர் என்று வரிசையாகச் செல்லும் பாடம் அது. பாதிப் பாடத்தில்தான், முதல்நாள் அந்த மாணவர் கேட்டது நம் கேள்வியே என்பது நமக்கு உறைத்தது. அவரைத் தட்டிக்கழித்தது நம் பிழை. அப்பிழைக்கு ஈடாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நீதிமன்றத்தில் நமக்காக வாதாடுபவரை நாம் வக்கீல் என்கிறோம். அரபியின் வகீல் என்னும் சொல்லே அது. ஆனால் ஷரீஅத்தின் பார்வையில் பங்குத் தரகரும் வகீலே. இந்நாட்டில் தனியொருவர் பங்குச் சந்தைக்குள் நேரே நுழைந்து வாங்கவோ விற்கவோ இயலாது. செபியிடம் பதிவு பெற்ற, சந்தையில் உறுப்பினரான ஒரு தரகரின் வழியேதான் செல்ல வேண்டும். நம் பணம் அவர் கைவழியே செல்கிறது. நம் ஆணை அவர் வாய்வழியே செல்கிறது. வாங்கிய பங்குகளோ காகிதமாய் நம் பெட்டிக்கு வருவதில்லை. 1996இல் இயற்றப்பெற்ற களஞ்சியச் சட்டத்தின் பின்னர், டீமேட் என்னும் மின்னணுக் கணக்கில் எழுத்தாக மட்டுமே நிற்கின்றன. அந்தக் கணக்கின் வாயிலிலும் பெரும்பாலும் அதே தரகரே நிற்கிறார். ஆக, அவரிடம் நாம் வைப்பது ஓர் அமானிதமன்று, மூன்று.

முன்னாளில் இந்த அமானிதத்துக்கு ஒரு முகம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பம்பாயின் நகர மண்டபத்தெதிரே ஆலமர நிழலில் கூடி நின்ற தரகர்களே 1875இல் சங்கம் அமைத்தனர். அதுவே இன்றைய பம்பாய்ப் பங்குச் சந்தை. நம் சென்னையிலும் 1937இல் ஒரு சந்தை நிறுவப்பெற்று, 2015இல் தன் தொழிலிலிருந்து விலகியது. அக்காலத்தில் தரகரின் தெரு தெரியும், தகப்பனார் தெரியும். இன்று பான் எண்ணையும் ஆதார் எண்ணையும் தட்டி, கைப்பேசியின் கேமராவைப் பார்த்து முகம் காட்டினால் கணக்குத் திறந்துவிடுகிறது. நாம் அவருக்கு முகம் காட்டுகிறோம். அவர் நமக்குக் காட்டுவதில்லை.

இம்மாற்றத்தை நாம் குறையாகச் சொல்லவில்லை. முகம் தெரிந்த தரகர்கள் ஊரை ஏமாற்றிய கதைகளும் உண்டு. சொல்ல வருவது இதுதான்: முகத்தைக் கொண்டு எடைபோட்ட காலம் போய்விட்டதனால், வேறெதைக் கொண்டு எடைபோடுவது என்பதை நாம் புதிதாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. விளம்பரங்கள் அதற்குத் தரும் விடை, விலை. தரகு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல நிறுவனம் என்கின்றன.

அண்ணலார் (ஸல்) அவர்களின் காலத்து மதீனாச் சந்தையிலும் தரகர்கள் இருந்தனர். ஸமாஸிரா என்று அழைக்கப்பட்டனர். சிம்ஸார் என்பதன் பன்மை அது. அரபல்லாத சொல் என்பர் உரையாசிரியர்கள். தங்களிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் வந்து, அப்பெயரினும் அழகிய பெயராகிய துஜ்ஜார், அதாவது வணிகர்கள் என்று தங்களை அழைத்ததையும், வாணிபத்தில் வீண்பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால் அதனோடு தர்மத்தைக் கலந்துகொள்ளுமாறு ஏவியதையும் கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அறிவிக்கிறார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் காணலாம். தரகுக்கூலிக்கென்றே இமாம் புகாரீ ஒரு பாடம் வகுத்து, இப்னு ஸீரீன், அதாஃ முதலிய முன்னோர் அதில் குற்றம் காணவில்லை என்று குறித்திருக்கிறார்கள். ஆகவே தரகு வாங்குவது இழிவன்று. கூலி வாங்காத தரகரே உயர்ந்தவர் என்ற எண்ணம் நம் நூல்களில் எங்கும் இல்லை.

வகீலுக்கு இலக்கணமாக நாம் பாடத்தில் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. உர்வத்துல் பாரிகீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கி வருமாறு பெருமானார் (ஸல்) ஒரு தீனாரைத் தந்தார்கள். அவர் அதைக்கொண்டு இரண்டு ஆடுகளை வாங்கினார். ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். ஆட்டையும் தீனாரையும் திருப்பிக்கொண்டு வந்து சேர்த்தார். அவருடைய வாணிபத்தில் பரக்கத் உண்டாகப் பெருமானார் (ஸல்) துஆச் செய்தார்கள். அந்த ஒரு தீனார் உர்வாவின் சாமர்த்தியத்தால் வந்தது. ஆயினும் அதைத் தமதென்று அவர் எண்ணவில்லை. வகீலின் கைக்கு வரும் மிச்சம் ஒப்படைத்தவருக்கே உரியது என்பது இதிலிருந்து நம் ஃபகீஹுகள் கண்ட போக்கு.

இதை இன்றைய தரகோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி கிடைக்கிறது. தரகு நிறுவனத்தின் மொத்த வணிகம் பெருகப் பெருக, பங்குச் சந்தைகள் அந்நிறுவனத்திடம் தாம் வாங்கும் கட்டண விகிதத்தைக் குறைத்து வந்தன. நிறுவனங்களோ வாடிக்கையாளரிடம் சந்தைக் கட்டணம் என்ற பெயரிலேயே கூடிய விகிதத்தில் வசூலித்து, சந்தைக்குக் குறைந்த விகிதத்தில் செலுத்தி, இடையில் உள்ளதைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டன. தரகே இல்லை என்று முழங்கியவர்களுக்கும் இது ஒரு வருவாயாக இருந்தது. 2024 ஜூலையில் செபி சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டு, 2024 அக்டோபர் 1 முதல் சந்தை யாவருக்கும் ஒரே கட்டணமே விதிக்க வேண்டும் என்றும், வாடிக்கையாளரிடம் எந்தப் பெயரில் வாங்கப்படுகிறதோ அந்தத் தொகை அப்படியே போய்ச்சேர வேண்டும் என்றும் ஆக்கியது. அதுவரை நடந்தது சட்டப்படி குற்றமன்று. ஆனால் உர்வாவின் தீனார் யார் பையில் கிடந்தது என்று கேட்டுப் பார்க்கலாமன்றோ? அந்த வருவாய் நின்றவுடன், வாங்கி வைத்துக்கொள்ளும் டெலிவரி வணிகத்துக்கும் சில நிறுவனங்கள் கட்டணம் விதிக்கத் தொடங்கின. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தனர். நமக்கோ அந்தக் கட்டணம், பெயரைச் சொல்லிக் கேட்கும் கூலியாகப் பட்டது.

இலவசம் என்ற சொல்லை நாம் இன்னும் சற்று நின்று நோக்க வேண்டும். இன்றும் பல நிறுவனங்கள் டெலிவரிக்குத் தரகு வாங்குவதில்லை. பத்தாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினால் அரசின் பரிவர்த்தனை வரி பத்து ரூபாய், முத்திரைத் தீர்வை ஒன்றரை ரூபாய், இவை எங்கும் உண்டு. விற்கும்போது மீண்டும் வரியும் டீமேட் கணக்கின் சிறு கட்டணமும் சேரும். தரகு மட்டும் இல்லை. ஆயிரக்கணக்கான ஊழியர்களையும் கணினிகளையும் விளம்பரங்களையும் வைத்திருக்கும் நிறுவனம் எதைக் கொண்டு வாழ்கிறது?

விடை செபியின் ஆய்விலேயே இருக்கிறது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் முன்பேர ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களைப் பற்றி 2024 செப்டம்பரில் அது வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்றாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். அவர்களின் மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். அந்த மூன்றாண்டுகளில் தனிநபர்கள் கட்டணங்களாக மட்டும் செலுத்தியது ஏறத்தாழ 50,000 கோடி. அதில் பாதிக்குச் சற்று மேல் தரகு. 2024-25இலும் நூற்றுக்கு 91 பேர் இழந்ததாக அடுத்த ஆண்டின் ஆய்வு கூறிற்று. டெலிவரிக்குத் தரகில்லாத நிறுவனம், இங்கே ஒவ்வோர் ஆர்டருக்கும் தரகு வாங்குகிறது. வாங்கி வைப்பவர் ஆண்டுக்குச் சில முறைதான் வருவார். இவர்களோ நாளுக்குப் பல முறை வருகிறார்கள்.

ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள் கூடாது என்று ஜித்தாவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992இலேயே தீர்மானித்திருக்கிறது. அதை நம் மாணவர் அறிவார். அவர் அப்பக்கம் போகப்போவதில்லை. ஆயின் அவர் பெறவிருக்கும் இலவசத்தின் விலையை யார் செலுத்துகிறார்? சூதாட்ட விடுதியின் வாசலில் வழிப்போக்கர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். தண்ணீர் தூயது. குடிப்பவர் உள்ளே போகவில்லை. ஃபத்வா கேட்டால், குடித்தவர்மீது குற்றமில்லை என்றே நாம் சொல்வோம். ஆனால் அந்தப் பந்தல் அந்த வாசலில் ஏன் இருக்கிறது? நிழலுக்கு ஒதுங்குபவர்களில் சிலராவது படியேறுவார்கள் என்பதற்காக. குடித்துவிட்டுப் போகிறவர், அங்கே கூட்டம் இருக்கிறது என்ற தோற்றத்தை உண்டாக்கிவிட்டுத்தான் போகிறார்.

இதற்கு மறுப்பும் உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பவரிடம் போய், உன் பேணுதலுக்காக இருபது ரூபாய் கூடுதலாகக் கொடு என்று சொல்ல நாம் யார்? பேணுதல், அதாவது வரஃ, ஒருவர் தம்மேல் தாமே சுமத்திக்கொள்ள வேண்டியது, பிறர்மேல் சுமத்துவதன்று. நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். மூவாயிரத்துக்கு இருபது என்பது நூற்றுக்கு மூன்றில் இரண்டு ரூபாய். நூற்றுக்கு அரை கேட்பவருக்குப் பதினைந்து ரூபாய்தான் ஆகும், குறைந்தபட்சக் கட்டணம் என்று அவர் தனியே ஒன்று வைத்திராவிட்டால். மூன்று மாதப் பணத்தைச் சேர்த்து ஒன்பதாயிரமாக ஒருமுறை வாங்கினால் அதே இருபது, நூற்றுக்கு கால் ரூபாயினும் குறைந்துவிடுகிறது. மூன்று மாதம் காத்திருப்பவர் அவசரப்பட்டு வாங்குவதும் குறையும்.

இனி, அந்நிறுவனங்கள் சார்பில் சொல்லக்கூடியதையும் நேர்மையாக எடுத்து வைக்க வேண்டும். "நாங்கள் மறைக்கவில்லையே" என்று அவர்கள் கூறலாம். உண்மைதான். 2023 ஜூலை முதல், முன்பேர வணிகத்தில் ஈடுபடுவோர் தம் கணக்குக்குள் நுழையும்போது, பத்தில் ஒன்பது பேர் இழக்கிறார்கள் என்ற அறிவிப்பைத் திரையில் காட்டி ஒப்புதல் பெற வேண்டுமென்று செபி விதித்திருக்கிறது. அவ்வாறே காட்டுகிறார்கள். தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கண்டித்ததும் நாம் அறிந்ததே. இவர்கள் நனைந்ததை மேலேதானே வைத்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்வி நம்மைப் பல நாள் வருத்தியது. நாம் கண்ட விடை இது: தானியம் விற்றவர் வியாபாரி. குறையைச் சொன்னால் அவர் கடமை தீர்ந்தது. அதன்பின் வாங்குவதும் விடுவதும் வாங்குபவரின் விருப்பம். தரகரோ வியாபாரி அல்லர், வகீல். வகீலின் கடமை குறையைச் சொல்வதோடு முடிவதில்லை. ஒப்படைத்தவரின் நலனைத் தம் நலன்போல் நாடுவது அது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகர்க்கு வாணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் சொல்வதும் இதையே. பத்தில் ஒன்பது பேர் கிணற்றில் விழுகிறார்கள் என்று பலகை வைத்துவிட்டு, பலகைக்கு அடியிலேயே கிணற்றுக்குப் படிக்கட்டும் கட்டி, படிக்கு இருபது ரூபாய் வாங்குபவரை எந்த நீதிமன்றமும் தண்டிக்காது. அவரை வகீல் என்று அழைக்கத்தான் நமக்கு நா எழவில்லை.

ஹனஃபீ நூல்களில் வகீலுக்கும் ரஸூலுக்கும் வேறுபாடு காட்டுவார்கள். இங்கே ரஸூல் என்பது வெறும் தூதாள், சொன்னதைக் கொண்டுபோய்ச் சொல்பவர். இன்றைய கைப்பேசித் தரகர் தம்மைத் தூதாள் என்றே வைத்துக்கொள்கிறார்: "நீர் அழுத்தினீர், நாம் அனுப்பினோம்." அதற்கேற்பவே ஆலோசனை சொல்வதில்லை, கட்டணமும் குறைவு. ஒருவகையில் இதில் நேர்மை இருக்கிறது. ஆனால் திரையில் எந்தப் பொத்தான் மேலே, எது பெரிது, எந்த நேரத்தில் மணியடித்து எதை நினைவூட்டுகிறது என்பன எல்லாம் ஆலோசனையே. வாய்திறவாமல் சொல்லும் ஆலோசனை. ஆகவே மாணவருக்கு நாம் சொன்ன முதல் அளவுகோல் இதுவாயிற்று: நிறுவனத்தின் திரையைத் திறந்துபார், ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்க அது உன்னை விடுகிறதா என்று பார்.

நூற்றுக்கு அரை வாங்கி ஆலோசனை சொல்பவரைப் பற்றியும் ஒரு சொல். அவருடைய ஆலோசனை நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் நாம் வாங்கினாலும் விற்றாலும் அவருக்கு வருமானம்; வைத்திருந்தால் இல்லை. "இப்போது விற்க வேண்டாம்" என்று அவர் சொல்லும் நாளில் அவர் சொல்லை நம்பலாம். இலவசமாகப் பங்கின் பெயர் சொல்லும் கூட்டங்களையோ நாம் பேசவே வேண்டியதில்லை. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் நஜ்ஷு தடுக்கப்பட்டதன் காரணம் அவற்றைப் பார்த்தால் விளங்கும்.

சில நடைமுறைகள் எஞ்சியுள்ளன. பங்கு வாங்க ஒரு பங்கு பணத்தை நாம் போட, மீதியைத் தரகரே கடனாகத் தந்து நாள்தோறும் வட்டி கணக்கிடும் மார்ஜின் வசதி பல திரைகளில் டெலிவரிக்கு அருகிலேயே இருக்கிறது. அது ரிபா, ஒரு விரல் தவறினால் நுழைந்துவிடலாம். அதை முழுதும் அடைத்துவைக்க இடம் தரும் நிறுவனத்தைத் தேர்வது நன்று. முன்பேரப் பிரிவைத் தனியே கேட்டால்தான் திறப்பார்கள்; கேட்காமலிருந்தால் போதும். வாங்கிய பொருள் கைவசமாகுமுன் விற்கலாகாது என்பது நமக்குத் தெரிந்த விதி. 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளும் வாங்கியதற்கு மறுவேலை நாளில் டீமேட் கணக்கில் வந்துசேர்கின்றன. அந்த ஒரு நாளைப் பொறுத்திருப்பது பெரிய காரியமன்று.

பங்குகளை எடுத்தாளும் முழு அதிகாரத்தைத் தரகருக்கு எழுதிக்கொடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது. 2019 நவம்பரில் கார்வி நிறுவனத்தின்மீது செபி பிறப்பித்த ஆணை நினைவிருக்கலாம். அந்த அதிகாரத்தைக் கொண்டு வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். அது பெயர்பெற்ற, பழைய நிறுவனம். 2022 முதல் அந்த அதிகாரப் பத்திரத்தின் இடத்தில் வரம்புள்ள வேறொரு பத்திரம் வந்துள்ளது. அதையும் தராமல், விற்கும் ஒவ்வொரு முறையும் களஞ்சியம் அனுப்பும் கடவு எண்ணைக் கொண்டு தாமே ஒப்புதல் தருவது இயலும். நாம் அதையே சொன்னோம்.

நியமனதாரர் யார் என்று படிவம் கேட்கும். மனைவியின் பெயரை எழுதிவிட்டால் எல்லாம் அவருக்கே என்று பலர் நினைக்கிறார்கள். நியமனம் வாரிசுரிமையை மாற்றாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. நியமனதாரரும் ஓர் அமீனே. பெற்று, ஃபராயிள்படி பங்கிட வேண்டியவர். இதை வீட்டில் சொல்லிவைப்பது நலம்.

ஷவ்வாலில் மாணவர் மீண்டும் வந்தார். நாம் மேலே எழுதியவற்றை வாய்மொழியாகச் சொன்னோம். கேட்டுக்கொண்டே இருந்தவர், முதல் தடவை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, தரகில்லாத அந்த நிறுவனத்தில்தான் ஈராண்டுகளாக ஆப்ஷன்ஸ் ஆடுகிறாராம். தையல் கடையில் சம்பாதித்தது போக, அக்காளின் நகையும் அடகில் இருக்கிறதாம். எச்சரிக்கைத் திரையைப் பற்றிக் கேட்டதற்கு, "அதைத் தள்ளிவிட்டுத்தான் மச்சான் போகணும்" என்று விளக்கினாராம்.

"ஹஜ்ரத், நான் அங்கே தரகில்லாமல் வாங்கினால், எனக்குரிய இருபது ரூபாயை அவன்தானே கொடுக்கிறான்?"

பந்தலும் தண்ணீரும் என்று நாம் சுற்றி வளைத்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஃபிக்ஹின்படி அப்படியல்ல, ஒவ்வொருவரின் ஒப்பந்தமும் தனித்தனி என்று நாம் சொல்லியிருக்கலாம். அது சரியும்கூட. சொல்லவில்லை.

அவர் இருபது ரூபாய் கேட்ட நிறுவனத்தில் கணக்குத் திறந்தார். முதல் ஒன்பதாயிரத்தைச் சேர்க்க மூன்று மாதமல்ல, ஐந்து மாதம் ஆயிற்று. நகையை மீட்பதற்கு இடையில் இரண்டு மாதப் பணம் போய்விட்டது. மச்சானின் கணக்கு இன்னும் மூடப்படவில்லை. அடுத்த வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் அவரை நம்மிடம் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.